சும்மா இருக்காத வலது கால்

என் காலைப் பார்க்க ஆள் வருவது இன்னும் நின்றபாடில்லை. வேட்டியைத் தூக்கச் சொல்கிறார்கள், குனிந்து பார்க்கிறார்கள், சிலர் கேட்காமலே விரலால் அழுத்தியும் பார்க்கிறார்கள். "நெசமாவே தொடைத் தோலுங்களா இது? அங்க எடுத்து இங்க ஒட்டுனா ஒட்டுமுங்களா?" பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், வருகிறவர் கையில் கொடுத்துப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் தறியில் உட்காரலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜலகண்டாபுரத்தில் எங்களுடையது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். எனக்கு இருபது வயது இருக்கும்போது தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுவதற்காகக் காய்ச்சிய கஞ்சி, பானையோடு சரிந்து வலது முழங்காலுக்குக் கீழே கொட்டிவிட்டது. நின்று இறக்கியிருந்தால் கொட்டியிருக்காது. அவசரம். காலின் முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெந்து, ஆறி, பளபளவென்று ஒரு தழும்பாய் நின்றது. பதினெட்டு வருஷம் அது ஒரு தொந்தரவும் செய்யவில்லை.

பிறகு ஒரு மாசி மாதத்தில் தழும்பின் நடுவில் ஒரு வெடிப்பு விட்டது. குழியின் விளிம்பு உரசி விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மஞ்சளைக் குழைத்து அப்பி, கிழிந்த சேலைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு தறியில் இறங்கினேன். ஆறுவதுபோல் இருக்கும், மறுபடி கசியும். ஆறேழு மாதத்தில் புண்ணின் ஓரம் பணியார விளிம்பு மாதிரி தடித்து மேலே எழும்பிவிட்டது. வலி பெரிதாக இல்லை. வலி இல்லாததால்தான் ஏமாந்தேன். நாற்றம் வர ஆரம்பித்ததும் என் சம்சாரம் அங்கம்மா ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நாளைக்குக் காலம்பற சேலம் போறோமுங்க. நீங்க வல்லீன்னா நான் தனியாப் போயி டாக்டரைக் கையோட கூட்டியாரேன்" என்றாள். அவள் அப்படிச் செய்யக்கூடியவள் என்பதால் கிளம்பினேன்.

மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. பஸ்ஸில் பாதிப் பேர் அந்த வேலைக்காரர்கள். சிமெண்டுத் தூசியும் என் புண்ணின் நாற்றமுமாகச் சேர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். எனக்குக் கோபம் வந்தது. அங்கம்மா என் முழங்கையைப் பிடித்து அமுக்கினாள். கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். இது குஷ்டமாக இருந்துவிட்டால் ஊருக்குள் எப்படித் திரும்புவது என்கிற ஒரே பயம்தான் வழி முழுக்க.

சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் அருளப்பன் என்று ஒருவர், உயரமான, அதிகம் பேசாத மனிதர். "எத்தனை நாளா இருக்கு?" என்றார்.

"பத்து நாளுங்க" என்றேன்.

"எட்டு மாசமாச்சுங்க சாமி" என்று பின்னாலிருந்து அங்கம்மா சொன்னாள்.

டாக்டர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். கோழி இறகால் காலைத் தடவி, ஊசி நுனியால் குத்தி, எங்கே தொடுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். எல்லாம் சரியாகச் சொன்னேன். "குஷ்டம் இல்லை" என்றார். நான் மூச்சு விடுவதற்குள் தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, புண்ணின் தடித்த ஓரத்திலிருந்து ஓர் உளுந்தளவு சதையை வெட்டி எடுத்து, சின்னப் புட்டியில் மருந்துத் தண்ணீரில் போட்டார். அதைச் சென்னைப்பட்டணத்துக்கு அனுப்புவார்களாம். அங்கே மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்களாம்.

பதில் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் நான் ஆறு தடவை சேலம் போய், அந்த ஆஸ்பத்திரி வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற போகிற கம்பவுண்டரையெல்லாம் நிறுத்திக் கேட்டு, கடைசியில் என்னைக் கண்டாலே அவர்கள் வேறு கதவு வழியாகப் போக ஆரம்பித்தார்கள். காத்திருப்பது என்பது எனக்குச் சுத்தமாக வராது. உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்போதே ஒருவராவது அதைக் கவனித்திருக்கலாம்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தீய்ந்த தழும்பில் நாள்பட்டுப் பிறக்கிற புற்று இது. மெதுவாக வளர்வது, இன்னும் எலும்பைத் தொடவில்லை, நெறியும் இல்லை. சுற்றிலும் நல்ல தோலையும் இரண்டு விரல் அகலம் சேர்த்து, அடிச்சதைவரை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டிய இடம் தானாக மூடாது. அதனால் தொடையிலிருந்து மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி அங்கே பரப்ப வேண்டும். அடியிலுள்ள சதையிலிருந்து அந்தத் தோலுக்கு ரத்தம் ஊறி வந்தால் பிழைக்கும், வராவிட்டால் செத்துப்போகும். தொடையில் சீவிய இடம் சிராய்ப்பு மாதிரி தானே ஆறிவிடும்.

"மூடாமப் போனா என்னங்க ஆகும்?" என்று அங்கம்மா கேட்டாள்.

"திறந்த புண்ணு எலும்புக்கு மேலேயே இருக்கும்மா. சீழ் எலும்புக்குள்ள இறங்கிட்டா, முழங்காலுக்குக் கீழே எடுத்துட வேண்டியதுதான்."

ஒற்றைக்காலன் கணக்கு எழுதலாம், கடையில் உட்காரலாம். குழித்தறியில் உட்கார முடியாது. எனக்குத் தெரிந்தது தறி ஒன்றுதான்.

இங்கே அந்தச் சேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது தறியில் ஒரு பாவு ஏறியிருந்தது. அதற்கு நானே யோசித்து ஒரு கரை கண்டுபிடித்திருந்தேன். காலுக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக நாலு மிதிகட்டை, இருபத்திரண்டு மிதிக்கு ஒரு சுற்று. ஓர் இடத்தில் முறை மாறித் திரும்பும். அந்தத் திருப்பம்தான் அதன் அழகு. யாராவது பார்த்து எடுத்துக்கொள்வார்கள் என்று காகிதத்தில் எழுதவில்லை, அங்கம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அரைச் சேலைதான் ஓடியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தால் மறந்துவிடுமோ என்ற கவலை எனக்குப் புற்றைப்போலவே பெரிதாக இருந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஆபரேஷன் அன்று முதுகெலும்பில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே கால் என்னுடையதாக இல்லை, ஆனால் கண் திறந்துதான் இருந்தது. நடுவில் துணி கட்டி மறைத்திருந்தார்கள். பாதி நேரம் மறைக்கவில்லை. சவரக்கத்தியைவிட நீளமான ஒரு கத்தியால் டாக்டர் தொடையில் முன்னும் பின்னும் ரம்பம் இழுப்பதுபோல் இழுக்க, வெங்காயத்தின் உள்சவ்வு மாதிரி தோல் சுருண்டு வந்தது. அதைப் பட்டை பட்டையாகக் காயத்தில் விரித்து, எண்ணெய்த்துணி வைத்து, பஞ்சு வைத்துக் கட்டினார்கள். காலுக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை.

"பத்து நாள் இந்தக் கால் அசையக்கூடாது. இது மட்டும்தான் உங்க வேலை" என்றார் டாக்டர்.

இதிலென்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் சேந்தமங்கலத்துக்காரர் நல்லண்ணன் இருந்தார். முதுகில் ராஜபிளவைக் கட்டியை அறுத்துக் குப்புறப் படுத்திருந்தவர். காற்றுக்காகத் தலையைக் கால்மாட்டுப் பக்கம் வைத்திருந்ததால், அவர் கண் நாள் முழுக்க என் பாதத்தின் மேல்தான். வெளி வராந்தாவில் ஆஸ்பத்திரித் தையற்காரர் சவரி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஷினில் உட்கார்ந்து போர்வையும் தலையணை உறையும் தைப்பார். கடகடவென்ற அந்தச் சத்தத்தில் எனக்குச் சுகமாகக் கண் செருகும். மருந்துக் களைப்பு. கண்ணை மூடினால் கரை வரும். ஒன்றிலிருந்து இருபத்திரண்டுவரை மனசுக்குள் நெய்துகொண்டே தூங்கிவிடுவேன். அந்தப் படுக்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அது.

ஏழாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். பிரிக்கும்போதே வாடை வந்தது. தோல் கறுத்து, அடியில் ரத்தம் கட்டி, ஈரக் காகிதம்போல் நழுவிக் கிடந்தது. ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவு ஒட்டியிருந்ததோடு சரி. டாக்டர் இடுக்கியால் அதையெல்லாம் எடுத்தார்.

"உங்க கத்திதான் சரியில்லீங்க" என்றேன். அந்த மனிதரைப் பார்த்து அப்படிச் சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

அவர் கோபிக்கவில்லை. "காயம் சுத்தமாகட்டும். இன்னொரு தடவை செய்யலாம், அந்தப் பக்கத் தொடையில இருந்து. மூணாவது தடவைக்குக் காலைப் பத்திரமா வச்சிருக்க முடியுமான்னு சொல்ல முடியாது" என்றார்.

அவர் போனதும் நல்லண்ணன் குப்புறப் படுத்தபடியே வாய் திறந்தார். "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. படுத்துக்கிட்டே தறி ஓட்டுனா தோலு எப்படிங்க ஒட்டும்?"

"யாரு ஓட்டுனா?"

"நீங்கதானுங்க. தெனம் மத்தியானம் அந்தத் தையக்காரர் மிஷினை மிதிக்கறப்பெல்லாம் நீங்களும் மிதிக்கறீங்க. நான் பாத்துப்போட்டு வைத்தியத்துல இதும் ஒண்ணாட்டிருக்குதுன்னு நெனைச்சுப்போட்டேன்."

நான் அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டார். மறுநாள் மத்தியானம் அங்கம்மா என் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். நான் தூங்கி எழுந்தால் அவள் கண் என் விரல்களின் மேலேயே இருக்கும். நாலாம் நாள் போய் டாக்டரைக் கூட்டிவந்துவிட்டாள்.

டாக்டர் புண்ணின் கட்டை அவிழ்த்துவிட்டு, சவரியைக் கூப்பிட்டு மிஷினை ஓட்டச் சொன்னார். "நீங்க கண்ணை மூடிக்கிட்டுத் தறியில உட்கார்ந்திருக்கறதா நினைங்க" என்றார் என்னிடம். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் மூடினேன். பத்து எண்ணுவதற்குள், "போதும், குனிஞ்சு பாருங்க" என்றார். புண்ணின் நடுவில், திறந்து கிடந்த என் சொந்தச் சதை, நான் சொல்லாமலே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

"பாதத்தைத் தூக்கறதும் இறக்கறதும் இந்தச் சதைதான். நான் தோலை ஒட்டினது இதுக்கு மேலே. நீங்க நெய்யறப்ப அடியில இது ஓடுது, மேலே தோல் நிக்குது. நடுவில ரத்தம் கசிஞ்சு தோலைத் தூக்கிடுது. அடுத்த தடவை பலகை வச்சுக் கட்டுவேன். பாதம் நிக்கும். உள்ளே சதை இழுக்கறதைப் பலகை நிறுத்தாது."

தைக்கிற சத்தம் கேட்கக்கூடாது என்று சவரி மிஷினைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். போகும்போது என்னிடம் வந்து, "மன்னிச்சுக்குங்க, எனக்குத் தெரியாது" என்றார். அவர் என்ன தப்புச் செய்தார்? நான்தான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். நல்லண்ணனிடமும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இரண்டாம் ஆபரேஷன் முடிந்து, காலுக்கடியில் பலகையும் பாதத்துக்கு எதிரில் ஒரு பலகையும் வைத்துக் கட்டி, விரல்களை மட்டும் வெளியே விட்டார்கள். மிஷின் சத்தம் இல்லை. ஆனால் இரண்டு கால் விரல்களும் ஆடின. தூங்கினால் ஆடின, விழித்திருந்தாலும் நான் மறந்த நேரம் பார்த்து ஆடின. நெய்யக்கூடாது என்று நினைக்க நினைக்க அந்தக் கரைதான் கண்ணில் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. சாமி பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன், அதுவும் இருபத்திரண்டில் போய் நின்றது. பயத்தில் வேர்த்து வேர்த்துப் படுக்கை நனைந்தது. என் காலை நானே கொன்றுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அப்படி ஒரு தவிப்பு என் விரோதிக்கும் வரக்கூடாது.

இரண்டு நாள் அங்கம்மா கால்மாட்டிலேயே உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில், "ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க" என்று கிளம்பிப்போய், சாயங்காலம் திரும்பி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"பாவை உங்க தம்பிகிட்டக் குடுத்துப்போட்டனுங்க."

"எந்தப் பாவை?"

"தறியில இருந்ததைத்தானுங்க. அறுத்துக் குடுத்துட்டேன். சாதாக்கரை போட்டு நெய்யறேன்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க. பூச்சி அரிக்கிறதுக்கு அது மேலுங்களே."

கால் மட்டும் கட்டப்படாமல் இருந்திருந்தால் எழுந்து என்ன செய்திருப்பேனோ தெரியாது. "இனிமே என்ற மூஞ்சியில முழிக்காத" என்றேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். பிறகு வேறு சிலதும் சொன்னேன், அவற்றை எழுத மாட்டேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கால்மாட்டில் இருந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அழுகை ஓய்ந்த பிறகு, பழக்கத்தில் கண்ணை மூடிக் கரையைத் தேடினேன். தறி வெறுமையாக இருந்தது. பாவைத் தூக்கும் விழுதில் இழை இல்லை, மிதிக்க ஒன்றும் இல்லை. ஏழு வரைக்கும் போகும், அங்கேயே நின்றுவிடும். பிறகு அதுவும் வரவில்லை, விரல்களும் ஆடவில்லை. நான் அந்தச் சேலையை மனசாரக் கைவிட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அங்கம்மாவிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் நல்லண்ணனிடம் சொல்வேன். அவர் இப்போது ஒருக்களித்துப் படுக்கப் பழகியிருந்தார். "அம்மணி, அவருக்குத் தண்ணி வேணுமாமா" என்பார். அவள் எடுத்துக் கொடுப்பாள். "தண்ணி வந்துதுங்க, குடிங்க" என்று என்னிடமும் அவரே சொல்வார். "நான் முதுகுக் கட்டிக்கு வந்தனா, உங்க ரெண்டு பேருக்கும் தூது போக வந்தனா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார். நான் சிரிக்கவில்லை. சாப்பாடு தினமும் சூடாக வந்தது. ஆஸ்பத்திரிப் பின்கட்டில் மூன்று கல் கூட்டி அவளே சமைத்தாள் என்று நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும்.

பதினோராம் நாள் கட்டைப் பிரித்தார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வாடை வரவில்லை. துணி தண்ணீரில் ஊறி ஊறி மெதுவாக விலகுவது தெரிந்தது.

"இங்க பாருங்க" என்றார் டாக்டர். குழந்தையின் உதடு மாதிரி ரோஜா நிறத்தில் ஒரு தோல் காயம் முழுக்கப் படிந்திருந்தது. அவர் விரலால் லேசாக அழுத்தினார், வெளுத்தது. எடுத்தார், மறுபடி சிவந்தது. "ரத்தம் போய்ட்டு வருது. இனி இது உங்க தோல்." முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன். கத்தியைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டுக் கால்மாட்டுப் பக்கம் பார்த்து, "கஷ்டப்பட்டது நீங்கம்மா" என்றார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. தொந்தரவு பிடித்த புருஷனைச் சமாளித்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இன்னும் மூன்று வாரம் இருந்து, கம்பு ஊன்றி நடக்கப் பழகி, தேங்காய் எண்ணெயைத் தடவித் தோலை நீவச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். வருஷம் இரண்டு தடவை வந்து காட்ட வேண்டும், மறுபடி ஓரம் தடித்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. படிக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். பழைய தழும்பில் புதிதாகப் புண் வந்து ஒரு மாதத்தில் ஆறாவிட்டால் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தறி இருக்கும் அறைப் பக்கம் திரும்பவே எனக்கு மனசில்லை. நேராகச் சமையற்கட்டுக்குப் போகப் பார்த்தேன். அங்கம்மா முன்னால் போய்த் தறியின் மேல் மூடியிருந்த பழைய போர்வையை எடுத்தாள்.

பாவு இருந்தது. நான் கடைசியாக அடித்த இழையோடு அப்படியே இருந்தது. ஊடுநூலை ஓட்டுகிற நாடா நான் வைத்த இடத்திலேயே கிடந்தது. கரப்பான் அரிக்காமலிருக்க அங்கங்கே வேப்பிலை செருகியிருந்தாள். சாம்பிராணி வாசனைகூட வந்தது. துணி மாற்ற என்று வாரம் ஒரு முறை அவள் ஊருக்கு வந்து போனது இதற்குத்தான்.

"பாவு தறியில இருக்குதுன்னா உங்க கால் சும்மா இருக்குமுங்களா?" என்றாள். "டாக்டருகிட்டச் சொல்லிப்போட்டுத்தானுங்க செஞ்சேன்."

நான் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். புதுத்தோல் முழங்காலுக்குக் கீழே இழுத்துப் பிடித்தது. நாடாவைக் கையில் எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு வரைக்கும் கால் போனது. எட்டாவது எது? எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. வரவில்லை. காலைக் காப்பாற்ற நான் கைவிட்ட கரை நிஜமாகவே போய்விட்டது.

"போச்சு புள்ள" என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளிடம் நானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அங்கம்மா குழியின் ஓரத்தில், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்ததுபோலவே, என் பாதம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தாள். "கட்டைவிரல் அசைஞ்சா உள்மிதி. சுண்டுவிரல் பக்கம் சாஞ்சா வெளிமிதி. அப்படித்தானுங்களே?" என்றாள். "எத்தனை நாள் பாத்துக்கிட்டு இருந்தேன். அதையேதானுங்க திருப்பித் திருப்பி மிதிச்சீங்க. எட்டாவது வலது வெளி. அப்புறம் இடது உள்ளே ரெண்டு. அங்க ஒரு தடவை நிப்பீங்க, நின்னுப்போட்டுத்தான் திருப்புவீங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அவள் சொன்ன மிதியை மிதித்தேன்.